எது இன்னும் வேலை செய்யுது?

"தம்பி, சுடுதண்ணி வரேல்லை" என்று போன் வந்தால், என்ன பழுது என்று நான் கேட்பதில்லை. எது இன்னும் வேலை செய்கிறது என்று கேட்பேன். அடுப்பு எரியுதோ? றேடியேற்றர் சுடுதோ? குசினிக் குழாயிலும் இல்லையோ, மேல்மாடி ஷவரில மட்டும்தானோ? பொயிலருக்கு முன்னால போய் நிண்டு, அந்த முள்ளு எந்த இலக்கத்தில நிக்குது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. கிழக்கு லண்டனில் காஸ் வேலை செய்கிற எனக்கு, வானை எடுப்பதற்கு முன்னமே வேலையில் பாதி இந்தக் கேள்விகளில் முடிந்துவிடும்.

வீட்டுக்குள் காஸ் வருகிறதா என்பதற்கு அடுப்புத்தான் சாட்சி. ஈஸ்ற்ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து வாடகை வீடுகளில் முற்பணம் போட்டு எரிக்கும் மீற்றர்கள் நிறைய உண்டு. காசு முடிந்ததும் மீற்றர் தன் வால்வைத் தானே மூடிவிடும். பிறகு கடையில் காசு போட்டு வந்தாலும், சில மீற்றர்களில் ஒரு பொத்தானை அமத்தினால்தான் காஸ் திரும்ப வரும். மின்சார அடுப்பு உள்ள வீட்டில் காஸ் நின்றது ஒருவருக்கும் தெரியாது. விடிய எழும்பிக் குழாயைத் திறந்து, தண்ணீர் சூடில்லாமல் பச்சையாக வரும்போதுதான் தெரியும். இப்படியான வீட்டுக்குப் போய் நின்று கூலி வாங்க எனக்கு மனம் வராது. போனிலேயே சொல்லி முடித்துவிடுவேன்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி றேடியேற்றர் பற்றியது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது கொம்பி பொயிலர். ஒரே நெருப்புக்கு அதில் இரண்டு வேலை: றேடியேற்றர்களைச் சூடாக்க வேண்டும், குழாயைத் திறந்தால் குளிக்கவும் கழுவவும் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். றேடியேற்றர் சுடுகிறது, குழாயில் மட்டும் சூடு இல்லை என்று போனில் சொன்னால், காஸ் வால்வு, காற்றாடி, தீப்பொறி, பம்ப் எல்லாம் நலம் என்று அர்த்தம். பெட்டியில் விலை கூடிய பாகங்களில் பெரும்பங்கு சந்தேகத்திலிருந்து விழுந்துவிடும். "ஓம், சுடுது" என்ற அந்த ஒரு பதிலுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

வீட்டுக்குப் போனதும் உடனே மூடியைக் கழற்றுவதில்லை. சுடுதண்ணீர்க் குழாயை ஒருவரைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று காது கொடுப்பேன். கொம்பி பொயிலர் ஒரு ஒழுங்கு மாறாமல் எழும்பும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதன் சுற்றை ஃபுளோ சென்சர் எண்ணி மின்பலகைக்குச் சொல்லும். டைவேட்டர் வால்வு றேடியேற்றர் பக்கத்தை அடைத்துக் குழாய்ப் பக்கத்துக்குத் திரும்பும். பம்ப் ஓடும், காற்றாடி சுழலும், தீப்பொறி டிக் டிக் என்று அடிக்கும், காஸ் திறக்கும், நெருப்புப் பற்றும். பற்றியதை எலெக்ட்ரோட் உணர்ந்து சொன்னால்தான் காஸ் தொடர்ந்து வரும். குழாயைத் திறந்தும் ஒரு சத்தமும் இல்லையென்றால், தண்ணீர் ஓடுவதே பொயிலருக்குத் தெரியவில்லை. காற்றாடியும் டிக்டிக்கும் கேட்டு நெருப்பு வரவில்லையென்றால் காஸையோ எலெக்ட்ரோடையோ பார்க்க வேண்டும். பற்றிச் சில நொடிகளில் அணைந்தால், நெருப்பை உணரும் பாகத்தில் கோளாறு, அல்லது உண்டான சூட்டை எடுத்துப் போக ஆள் இல்லை. எந்தச் சத்தத்தோடு நின்றது என்று தெரிந்தால், கைவைக்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

திரையில் வரும் குறியீட்டையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். வெய்லன்ற் பொயிலர் பலவற்றில் எஃப் 28 வந்தால் நெருப்புப் பற்றவில்லை. எஃப் 22 வந்தால் உள்ளே தண்ணீர் அழுத்தம் இல்லை. வூஸ்ரர் பொஷ்ஷில் ஈ.ஏ. வந்தால் நெருப்பு உணரப்படவில்லை. ஆனால் நெருப்புப் பற்றாததற்கு மீற்றரில் காசு முடிந்ததும் காரணமாகலாம், காஸ் வால்வு செத்ததும் காரணமாகலாம், வெளியே பைப் உறைந்ததும் காரணமாகலாம். குறியீட்டைப் பார்த்த கையோடு பாகத்துக்கு ஓடர் கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தப் பாகத்துக்குக் காசு கொடுப்பது, அநேகமாக இரண்டு வேலை பார்த்துக் கடன் கட்டுகிற ஒரு குடும்பம்.

அழுத்தத்தைக் காட்டும் அந்த முள்ளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொயிலர் ஆறியிருக்கும்போது அழுத்தம் 1 இலிருந்து 1.5 பார் வரை இருப்பது நல்லது. மிகக் கீழே இறங்கினால் பொயிலர் பற்ற மறுக்கும். பெட்டிக்குக் கீழே வெள்ளிநிறப் பின்னல் பைப் ஒன்று இரண்டு சின்ன வால்வுகளோடு இருக்கும். சில மொடல்களில் அதற்குப் பதிலாக ஒரு திறப்போ பிடியோ இருக்கும். அதை மெல்லத் திறந்து, முள் 1.2 வரை ஏறியதும் இறுக்கி மூடுவது வீட்டில் உள்ள எவரும் செய்யக்கூடியது. போனில் நானே சொல்லிக் கொடுப்பேன். கிழமைக்குக் கிழமை இதைச் செய்ய வேண்டியிருந்தால் கதை வேறு. அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விட, வெளிச்சுவரில் நிலத்தைப் பார்த்தபடி நிற்கும் சின்னச் செப்புப் பைப்பின் நுனி ஈரமா என்று பார்ப்பேன். ஹீற்றிங் போட்டதும் முள் 3 க்கு ஏறி, அணைத்து ஆறியதும் பூச்சியத்துக்கு வந்தால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக்கலனில் காற்று போய்விட்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் அதே மாதிரி வால்வுதான் அதிலும் இருக்கிறது. உள்ளே றப்பர் கிழியாவிட்டால், தண்ணீர் அழுத்தத்தை இறக்கிவிட்டுக் காற்றடித்தாலே போதும்.

இனி டைவேட்டர். ஓகஸ்ட் மாதம், வெளியே நல்ல வெயில், ஹீற்றிங் அணைத்திருக்கிறது. ஒரு வயதான அம்மா போனில் சொல்கிறார்: "தம்பி, பாத்திரம் கழுவத் தண்ணி வெதுவெதுப்பாத்தான் வருது, ஆனா படியடி றேடியேற்றர் கொதிக்குது." இதைவிடத் துல்லியமாக எந்தக் கருவியும் சொல்லாது. டைவேட்டர் முழுதாகத் திரும்பவில்லை. குழாய்க்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கு றேடியேற்றருக்குள் களவாகப் போகிறது. உறுதிப்படுத்த, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டிக்குக் கீழே றேடியேற்றருக்குப் போகும் பைப்பைத் தொட்டுப் பார்ப்பேன். அது சூடாகவே கூடாது. பல மொடல்களில் முழு வால்வையும் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே தேய்ந்த தண்டும் றப்பரும், அல்லது மேலே இருக்கும் சின்ன மோட்டர் மட்டும் மாற்றினால் சரி. மோட்டர் நகர்கிறதா என்று பார்க்காமல் வால்வை வெட்டியெடுப்பது அநியாயம்.

லண்டன் தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீரில் பெரும்பங்கு சுண்ணப் பாறை நிலங்களைக் கடந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை இங்கே எல்லாரும் பார்த்திருப்பார்கள். பொயிலருக்குள் பிளேட் என்று நாங்கள் சொல்லும் பாகம் ஒன்று உண்டு. கைக்கு அடக்கமான பெட்டி, உள்ளே மெல்லிய எஃகுத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் இந்தப் பக்கம் பொயிலரின் கொதிதண்ணீர், அந்தப் பக்கம் நாங்கள் குளிக்கும் தண்ணீர். அங்கே சுண்ணாம்பு படிந்தால் சூடு கடக்காது. கடக்காத சூடு பொயிலருக்கே திரும்பும். அது தன் உச்ச வெப்பத்தைத் தொட்டு நெருப்பை அணைக்கும், ஆறியதும் திரும்பப் பற்றவைக்கும். ஷவருக்குக் கீழே நிற்கிறவருக்குச் சூடு, பச்சை, சூடு, பச்சை என்று மாறி மாறி வரும். மறுபக்கத்தில் பழைய இரும்பு றேடியேற்றர்களின் கறுப்புச் சேறு அடைத்தாலும் இதே கூத்துத்தான். ஆனபடியால் பிளேட்டைக் கழற்றினால் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் படிவென்றால் அமிலத்தில் கழுவலாம், அல்லது மாற்றலாம். கறுப்புச் சேறென்றால் றேடியேற்றர்களையும் கழுவி, பொயிலருக்குத் திரும்பி வரும் பைப்பில் ஒரு காந்த வடிகட்டி போட வேண்டும்; இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் அதே வழியில் போகும்.

ஒரு பழுதும் இல்லாமலே தண்ணீர் சூடாகாத வீடுகளும் உண்டு. தீபாவளி இங்கே குளிர் தொடங்குகிற காலத்தில் வருகிறது. விடிய நாலு மணிக்கு எண்ணெய் வைத்து வரிசையாக முழுகுவார்கள், அண்டைக்கு என் போன் ஓயாது. பொயிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை, கணக்குத்தான் மாறியிருக்கிறது. 24 கிலோவாட் பொயிலர் ஒன்று நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை 35 பாகை உயர்த்தும். கோடையில் நிலத்துக்குள்ளால் 18 பாகையில் வருகிற தண்ணீர் 53 ஆகும், கை வைக்கேலாது. நடுக்குளிரில் 5 பாகையில் வந்தால் 40 தான். முழுகும் தொட்டியின் குழாயை முழுதாகத் திறந்து நிமிடத்துக்கு 15 லீற்றர் ஓடவிட்டால் 23 பாகைதான் கூடும். 28 பாகைத் தண்ணீரில் குளிரில் முழுகேலாது. "குழாயைக் கொஞ்சம் ஒடுக்குங்கோ அக்கா, மெல்ல ஓடட்டும்" என்று சொல்லுவேன். குழாயை ஒடுக்கத் தண்ணீர் சூடாகிறது என்பதை முதலில் ஒருவரும் நம்புவதில்லை. கையை நீட்டிப் பார்த்தபின் நம்புவார்கள்.

ஹரோவில் ஒரு வீடு. கைக்குழந்தை உள்ள வீடு. பேரப்பிள்ளையைப் பார்க்க, முழுகவார்க்க என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்து நிற்கிறார். சுடுதண்ணீர் எந்தக் குழாயிலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. எனக்கு முன்னால் வந்த ஒருவர் பிளேட்டை மாற்றியிருந்தார். அதில் சரிவராமல் டைவேட்டரையும் மாற்றினார். மின்பலகையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பொயிலரே போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குழந்தையின் தாய் பிள்ளைக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கலந்து கொண்டிருந்தார். கைக்குழந்தை உள்ள வீட்டில் கொதிதண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறியது.

குழாயைத் திறந்தேன். பொயிலர் ஒழுங்காகப் பற்றியது, நெருப்பு முழு உயரத்தில் நின்றது. பெட்டியை விட்டு வெளியேறும் சுடுதண்ணீர்ப் பைப்பில் வெப்பமானியைக் கவ்வவிட்டேன்: 55 பாகை. நாலு எட்டு வைத்தால் வருகிற குசினிக் குழாயில் 33. பொயிலர் தன் கடமையைச் செய்கிறது. வழியில் எங்கேயோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு காசும் செலவில்லாத பரிசோதனை உண்டு. பொயிலருக்குள் போகும் பச்சைத் தண்ணீரைக் கீழே இருக்கும் வால்வில் மூடிவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். பைப்பில் மிச்சமிருந்தது வடிந்து நின்றுவிட வேண்டும். அந்த வீட்டில் நிற்கவில்லை. பொயிலரைக் கடக்காமலே சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சையும் சூடும் சந்திக்கிற இடம் கலவைக் குழாய் மட்டும்தான். எல்லாக் கலவைக் குழாயையும் பார்க்க வேணும் என்று நான் சொல்லிக்கொண்டு நிற்க, கதிரையில் குழந்தையோடு இருந்த அம்மம்மா சொன்னார்: "தம்பி, ரொய்லெற்றுக்க கழுவுற கைக்குழாய் பூட்டின கிழமையில இருந்துதான் இந்தப் பச்சைத்தண்ணி. நான் அண்டைக்கே சொன்னனான்." அவருடைய முழங்காலுக்கும் குளிருக்கும் இதமாக இருக்கட்டும் என்று, மருமகன் ஆள்வைத்து வெதுவெதுப்புத் தண்ணீர் வரும் கைக்குழாய் ஒன்றைக் கழிவறைக்குப் பக்கத்தில் பூட்டியிருந்தார். சுவரில் கலவை வால்வு, நுனியில் விரலால் அமத்தும் பிடி. சுவர் வால்வை எப்போதும் திறந்தே விட்டுப் பிடியை மட்டும் பாவித்தார்கள். பிடி மூடியிருக்கும் நேரமெல்லாம் சுவருக்குள் பச்சைப் பைப்பும் சூட்டுப் பைப்பும் தடையில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. வால்வை மூடினேன். குசினிக் குழாயில் ஓட்டம் நின்றது. பொயிலரின் வால்வைத் திறந்தேன். 52 பாகை.

சுவர் வால்வை மூடி வைத்தால் சூடு வரும்தான், ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கழிவறைக்குள் தொங்கும் குழாய் குடிநீர்ப் பைப்போடு நேரே இணைந்திருந்தால், அழுத்தம் குறையும் நேரத்தில் அழுக்குத் தண்ணீர் பின்னுக்கு இழுபடலாம். 1999 ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்து விதிகள் இதை மிக மோசமான ஐந்தாம் வகை ஆபத்தில் வைத்திருக்கின்றன. ஒருவழி வால்வு போட்டு இதைச் சமாளிக்கேலாது, இடையில் ஒரு தொட்டி வைத்து அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கைக்குழந்தையின் பால்மாவும் அதே பைப் தண்ணீரில்தான் கரைகிறது. இரண்டு பைப்பையும் வெட்டி அடைத்துவிட்டு, சின்னத் தொட்டி வைத்து எடுக்க என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுத்தேன். அதுவரைக்கும் செம்பு போதும் என்றார் அம்மம்மா. அந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்தவர், எப்ப தொடங்கினது, அதற்கு முன்னம் வீட்டில் என்ன மாறினது என்று அவரைக் கேட்டிருந்தால், இரண்டு பாகத்தின் காசு அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும்.

கடும் குளிர் நாட்களில் வருவது வேறு வகை. 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்குப் போடும் காஸ் பொயிலர்கள், சில விதிவிலக்குகள் தவிர, புகையின் ஈரத்தையும் ஒடுக்கிச் சூட்டை எடுப்பவை. அப்படி ஒடுங்கிய தண்ணீர் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் பைப்பால் வெளியே போகும். 2010 டிசம்பர் மாதிரி, 2018 மார்ச் தொடக்கம் மாதிரி நாட்களில் அது உறைந்துவிடும். தண்ணீர் பின்னுக்குத் தேங்கிக் களக் களக் என்று கொதிக்கிற மாதிரிச் சத்தம் போட்டுப் பொயிலர் நின்றுவிடும். எட்டுகிற உயரத்தில் பைப் இருந்தால் வீட்டுக்காரரே வெந்நீர் ஊற்றி இளக்கலாம். கொதிதண்ணீர் வேண்டாம், பைப் வெடிக்கும். நிலத்தில் வழிந்தது உறைந்து ஆளும் வழுக்கும். பிறகு பொயிலரை றீசெற் பண்ணினால் பெரும்பாலும் பற்றும். வெளியே ஓடும் அந்தப் பைப்பை 32 மில்லிமீற்றருக்குப் பெரிதாக்கி, உறை போட்டு, சரிவாக வைத்துவிட்டால் அடுத்த குளிருக்குப் பயமில்லை.

சுடுதண்ணீரைச் சேமித்து வைக்கும் சிலிண்டர் உள்ள பழைய வீடுகளில் முதலில் சொல்வது இமேர்ஷன் சுவிச்சைப் போடுங்கள் என்பதுதான். சிலிண்டருக்குள் 3 கிலோவாட் மின்சூடாக்கி இருந்தால், பொயிலர் செத்தாலும் அண்டைக்கு இரவு குளிக்கலாம். பாகம் வரும்வரை அவசரமில்லாமல் யோசிக்கவும் நேரம் கிடைக்கும். பிறகு மோட்டர் வால்வின் நெம்புகோலைக் கையால் தள்ளிப் பார்ப்பேன். சிலிண்டர் சூடு கேட்கிற நேரத்திலும் அது எதிர்த்துத் தள்ளினால், மோட்டர் திறக்கவில்லை. தேர்மோஸ்ரற்றை 60 பாகையில் வைக்கச் சொல்லுவேன். அதற்குக் குறைத்துக் காசு மிச்சம் பிடித்தால் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரலாம்.

வீட்டுக்காரர் எதைத் தொடலாம் என்பதில் எனக்கு இரக்கமில்லாத கோடு ஒன்று உண்டு. முள்ளைப் பார்க்கலாம், தண்ணீர் ஏற்றலாம், நேரக்கருவியைச் சரிபார்க்கலாம், ஒருதரம் றீசெற் பண்ணலாம். திரும்பத் திரும்பப் பண்ணக்கூடாது. பொயிலரின் முன்மூடியைக் கழற்றவே கூடாது. பல பொயிலர்களில் புகையை வீட்டுக்குள் வராமல் காக்கும் முத்திரையே அந்த மூடிதான். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், தலைசுற்று, வெளியே போனால் சுகம் என்று சொன்னால் பொயிலரைப் பற்றி மேலே ஒரு வார்த்தை பேசமாட்டேன். நிற்பாட்டுங்கோ, யன்னலைத் திறந்துபோட்டு எல்லாரும் வெளியே வாங்கோ, 0800 111 999 க்கு அடியுங்கோ என்பேன். வருத்தம் கடுமையென்றால் 999 க்கும் அடிக்க வேண்டும். காஸில் கைவைக்கிறவர் காஸ் சேஃப் பதிவில் இருக்க வேண்டும் என்பது 2009 ஏப்ரலிலிருந்து விதி. அவர் காட்டும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்; எந்த வேலைக்குத் தகுதி என்று பின்பக்கத்தில் இருக்கும். தெரிந்த பெடியன், குறைந்த காசுக்குச் செய்வான் என்று எங்கட ஆட்களே பதிவில்லாதவரைக் கூப்பிடுவது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற விஷயம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொன்று. புதிதாக வந்தவர்கள், விசா முடிவுக்குக் காத்திருப்பவர்கள், ஒரு அறையில் குடும்பமாக இருப்பவர்கள், சுடுதண்ணீர் இல்லை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லவே பயப்படுகிறார்கள். எழும்பு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். குறுங்கால வாடகையில், தண்ணீர் சூடாக்கும் கருவியைத் திருத்தி வைப்பது சொந்தக்காரரின் பொறுப்பு என்று 1985 ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு சொல்கிறது. அவருடைய காஸ் கருவிகளை வருடத்துக்கு ஒருதரம் பரிசோதித்து, அதன் தாளைக் குடியிருப்பவருக்குக் கொடுப்பதும் அவர் கடமை. ஆனபடியால் இப்படியான வீட்டில் வேலை முடிந்ததும், என்ன பழுது, எத்தனை பாகை இருந்தது, எத்தனை பாகைக்கு வந்தது, பாகம் மாற்றும்வரை பொயிலரைப் பாவிக்கலாமா கூடாதா என்று திகதி போட்டு எழுதி, என் பதிவு இலக்கத்தோடு கையெழுத்து வைப்பேன். ஒரு பிரதி சொந்தக்காரருக்குப் போகும். மற்றதைக் குடியிருப்பவரின் கையில் கொடுத்து, "இதை எறிஞ்சு போடாதேங்கோ அக்கா, போனில ஒரு படமும் எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன்.